140 முக்குளிப்புகளுக்குப் பின்: ஓர் அலுமினிய ஹவுசிங்கும் அதன் ரப்பர் வளையங்களும்

கடலுக்கடியில் படம் எடுப்பதற்காக நான் பயன்படுத்தும் அலுமினிய ஹவுசிங், அதாவது நீர் புகாமல் கேமராவை மூடிவைக்கும் பெட்டி, என் கைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் அதை 140 முறைக்கு மேல் நீருக்குள் கொண்டுபோயிருக்கிறேன். பெரும்பாலும் 8 முதல் 25 மீட்டர் வரை, சில முறை 30 மீட்டரைத் தொட்டும். உள்ளே இருப்பது ஒரு மிரர்லெஸ் கேமரா. லென்ஸின் முன் ஹவுசிங்கில் பூட்டும் ஒளிபுகும் முகப்புக்குப் போர்ட் என்று பெயர். நெருங்கிப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸுக்குத் தட்டையான போர்ட்டும் அகலக்கோண லென்ஸுக்கு அரைக்கோளமான டோம் போர்ட்டும் மாறி மாறிப் பூட்டுகிறேன். ஹவுசிங்கின் பெயரையும் அதைச் செய்த நிறுவனத்தையும் இங்கே எழுதவில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் சில என் கையிலிருக்கும் இந்த ஒன்றுக்கு மட்டுமே உரியவையாக இருக்கலாம். மற்றவையோ இதே அமைப்புள்ள எந்த ஹவுசிங்குக்கும் பொருந்தும்.

பொத்தான்கள் விரலுக்கு எட்டுகின்றனவா, கைப்பிடி எப்படி, நீருக்குள் எடை எவ்வளவு என்பவற்றையெல்லாம் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் அளக்க விரும்புவது வேறொன்று. தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை ஹவுசிங் தனியாகச் செய்வதில்லை. ஒவ்வொரு முறையும் அதை மூடுகிறவரும் சேர்ந்தே செய்கிறார். எனக்குத் தெரிந்தவர்களிடம் கேட்ட கசிவுக் கதைகளில் உலோகம் விரிந்ததாலோ கண்ணாடி உடைந்ததாலோ வந்தவை மிகக் குறைவு. ஒரு முடி, ஒரு மணல் துகள், முறுக்கிக்கொண்ட ஓ-ரிங் (இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம்), கதவிடுக்கில் அகப்பட்ட, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம், இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. ஆகவே ஒரு ஹவுசிங்கை மதிப்பிடும்போது, அதன் அடைப்புகளை என் கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் அது எந்த அளவுக்கு இடம் கொடுக்கிறது என்பதையே முதலில் பார்க்கிறேன்.

இதற்கு முன் நான் வைத்திருந்தது ஒளிபுகும் பாலிகார்பனேட் ஹவுசிங். அதில் கதவை மூடியதும், நசுங்கிய ஓ-ரிங் சுற்றிலும் ஒரே அகலமுள்ள கருங்கோடாகத் தெரியும். எங்காவது அந்தக் கோடு மெலிந்தாலோ அறுந்தாலோ மூடியது சரியில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். அலுமினியத்துக்கு மாறியபோது நான் இழந்த மிகப் பெரிய வசதி அதுதான். புதிய ஹவுசிங் உறுதியானது, பொத்தான்கள் நுணுக்கமானவை, வெப்பத்தை நன்றாக வெளியேற்றுகிறது. ஆனால் கதவை மூடிய கணத்திலிருந்து வளையம் என் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. அந்தக் குறையை எதைக் கொண்டு ஈடுகட்டலாம் என்பதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு முதல் ஆண்டு முழுவதும் பிடித்தது.

ஓ-ரிங் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. வளையம் தான் உட்கார்ந்திருக்கும் பள்ளமான காடியைவிடச் சற்று உயரமாக நிற்கும். கதவு மூடும்போது அந்த உயரம் நசுங்கி, இரண்டு உலோகப் பரப்புகளுக்கும் நடுவே உள்ள இடத்தை நிரப்பும். ஆழத்துக்குப் போகப்போக நீரின் அழுத்தம் வளையத்தைக் காடியின் உட்சுவரை நோக்கித் தள்ள, அடைப்பு மேலும் இறுகும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அதன்படி 30 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் வெளியிலிருந்து சுமார் 3 கிலோ அமுக்குகிறது. என் ஹவுசிங்கின் பின்கதவு ஏறத்தாழ 20க்கு 15 சென்டிமீட்டர். அப்படியானால் அந்த ஆழத்தில் கதவின் மேல் உள்ள சுமை 900 கிலோ. 3 மீட்டரிலோ 90 கிலோ. நீர்மட்டத்தில் கொக்கிகளின் இழுப்பு மட்டுமே. ஆழத்தில்தான் ஆபத்து என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கதவை அழுத்திப் பிடிக்க நீரே துணைக்கு வராத முதல் சில மீட்டர்களில்தான், படகிலிருந்து குதிக்கும் அதிர்ச்சியும் அலையின் அறையும் சேர்ந்து, சரியாக உட்காராத வளையம் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் இந்த ஹவுசிங்கின் பின்கதவு நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. காடி ஆழமானது, ஓரங்கள் மழமழப்பாக இருக்கின்றன, வளையம் தானாகக் கழன்று தொங்குவதில்லை. இரண்டு கொக்கிகளும் ஒரே இழுப்பில் மூடுகின்றன. ஒன்றை முதலில் பூட்டி மற்றொன்றைப் பிறகு பூட்டினால் கதவு ஒருபக்கமாகச் சாய்ந்து வளையத்தை நகர்த்தும் என்பதால், இரண்டு கட்டைவிரல்களாலும் ஒரே நேரத்தில் அழுத்துவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். போர்ட் பூட்டும் இடத்தைப் பற்றி இதே நம்பிக்கையோடு எழுத முடியவில்லை. அங்கே வளையம் ஹவுசிங்கில் இல்லாமல் போர்ட்டின் கழுத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. போர்ட்டைக் கழற்றிக் கீழே வைக்கும்போதெல்லாம் அது வெளியே திறந்து கிடக்கிறது. மேசையில் என்ன தூசி இருக்கிறதோ அது அதில் ஒட்டுகிறது. எனக்கு நேர்ந்த ஒரே கசிவும் அங்கிருந்துதான் வந்தது.

அது 57ஆவது முக்குளிப்பு. முந்தைய மாலை போர்ட்டை மாற்றியிருந்தேன். காலையில் படகில் இருந்த நன்னீர்த் தொட்டியில் ஹவுசிங்கை ஒரு நிமிடம் அமிழ்த்திப் பார்த்தேன். குமிழி எதுவும் வரவில்லை. குதித்து 4 மீட்டர் இறங்குவதற்குள், உள்ளே நீர் புகுந்தால் எச்சரிக்கும் கசிவு விளக்கு சிவப்பாகச் சிமிட்டத் தொடங்கியது. டோமைப் பார்த்தபோது அதன் அடிவளைவில் ஒரு சிறு நீர்க்குட்டை ஆடிக்கொண்டிருந்தது. துணைக்கு வந்தவரிடம் சைகை காட்டி, டோம் கீழே இருக்குமாறு ஹவுசிங்கைத் திருப்பிப் பிடித்து, நீர் கேமராவின் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டு மெல்ல மேலேறினேன். இரண்டு தேக்கரண்டி அளவு நீர்தான்; லென்ஸின் முன்விளிம்பு மட்டும் நனைந்திருந்தது, கேமரா தப்பியது.

போர்ட்டைக் கழற்றி, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து வளையத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒரே ஒரு நூலிழை, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும், வளையத்தின் குறுக்கே கிடந்தது. நீல நிறம். முந்தைய மாலை போர்ட்டை ஒற்றிய என் துவாலையும் நீலம். இழையின் இரண்டு பக்கங்களிலும் கிரீஸ் மட்டும் சற்று விலகி, இரண்டு மெல்லிய வாய்க்கால்கள் போலத் தெரிந்தன. ரப்பர் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் தன் மேல் கிடக்கும் இழையை முழுவதுமாகச் சுற்றி வளைத்து மூடிவிட முடியாது. இழையை ஒட்டி இருபுறமும் ஒரு நுண்ணிய இடைவெளி எஞ்சும். அந்த இடைவெளி வளையத்தின் வெளிப்பக்கத்தையும் உட்பக்கத்தையும் இணைத்துவிட்டால் நீர் வந்துகொண்டே இருக்கும். ஒரு நிமிடம் தொட்டியில் அமிழ்த்திப் பார்க்கும் சோதனைக்கு இந்த அளவு மெதுவான கசிவு பிடிபடாது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அந்த இழையை ஒட்டுநாடாவில் ஒட்டி என் பராமரிப்புப் பெட்டியின் மூடியில் இன்றும் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து துவாலை, பருத்தித் துணி, டிஷ்யூ காகிதம், காது குடையும் பஞ்சுக்குச்சி ஆகிய எதுவும் வளையங்களின் அருகே வருவதில்லை. இழை உதிராத மைக்ரோஃபைபர் துணி ஒன்றும் நுரைத் தலையுள்ள குச்சிகளும் மட்டும் பெட்டியில் இருக்கின்றன. மூடும் வேலையை முதல்நாள் இரவே, மின்விசிறியை நிறுத்திவிட்டு, நல்ல வெளிச்சத்தில், வெளிர்நிற விரிப்பின் மேல், பேச்சுத்துணை இல்லாமல் செய்கிறேன். அவசரத்தில் படகின் தளத்தில் மூடப்படும் ஹவுசிங்கை நான் நம்புவதில்லை. தவிர்க்க முடியாமல் முக்குளிப்புகளுக்கு நடுவே திறக்க நேர்ந்தால், முதலில் தலையையும் கைகளையும் நன்றாகத் துவட்டி, நீர் சொட்டும் உடையின் மேற்பகுதியைக் கழற்றிவிட்டு, ஹவுசிங்கின் இணைப்புக் கோட்டில் தேங்கிய நீரை ஊதி அகற்றிய பிறகே கொக்கியைத் தொடுகிறேன். கதவைத் திறந்த நொடியில் தலைமுடியிலிருந்து விழும் ஒரு சொட்டு உப்புநீரும் கசிவுக்கு நிகரான தீங்கைச் செய்யும்.

வளையத்தைக் கழற்றுவதற்கு உலோக முனை எதையும் பயன்படுத்தக் கூடாது. வளையத்தில் விழும் கீறலுக்குப் புது வளையம் வாங்கி மாட்டிவிடலாம். காடியின் அடித்தளத்தில் விழும் கீறலுக்கு மருந்தில்லை. ஒரு மூலையில் இரண்டு விரல்களால் வளையத்தை இருபுறமிருந்தும் நடுவை நோக்கித் தள்ளினால் அது சிறு வளைவாக மேலெழும்பும். அதைப் பிடித்து எடுத்துவிடலாம். எழும்பாவிட்டால் பிளாஸ்டிக் அட்டையின் மழுங்கிய மூலை போதும். இந்த ஹவுசிங்குடன் அதற்கென ஒரு பிளாஸ்டிக் கொக்கியும் தந்திருக்கிறார்கள், நல்ல பொருள். எடுத்த வளையத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல உருவிக்கொண்டே போவேன். கண்ணுக்குத் தப்பும் மணல் துகளும் சிறு வெட்டும் விரல்நுனிக்குத் தப்புவதில்லை. பிறகு காடியையும், வளையம் போய் அழுத்தும் எதிர்ப்புறப் பரப்பையும் துடைக்க வேண்டும். பலர் வளையத்தைக் கழுவிக் குளிப்பாட்டுகிறார்கள், எதிர்ப்புறப் பரப்பை மறந்துவிடுகிறார்கள்; உப்பு பூத்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

கிரீஸைப் பற்றிய தவறான எண்ணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிரீஸ் நீரைத் தடுப்பதில்லை, தடுப்பது ரப்பர். வளையம் வறண்டு உராயாமல், முறுக்கிக்கொள்ளாமல், கதவு நசுக்கும்போது வழுக்கித் தன் இடத்தில் உட்கார உதவுவது மட்டுமே கிரீஸின் வேலை. பின்கதவின் முழு வளையத்துக்கும் ஓர் அரிசிமணி அளவு போதும். தடவி முடித்த வளையம் ஈரம் பட்டதுபோல் மினுங்க வேண்டும். விரலில் வெள்ளையாக ஒட்டினால் அது அதிகம். அதிகமான கிரீஸ் முடியையும் மணலையும் வாவென்று அழைத்து வைத்துக்கொள்ளும். மாட்டும்போது வளையத்தை இழுத்து நீட்டாமல், நான்கு மூலைகளிலும் முதலில் பொருத்தி, பிறகு நடுப்பகுதிகளை அழுத்துவேன். வார்ப்பின் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே பக்கத்தில் ஓடுகிறதா என்று பார்த்தால் முறுக்கு இருப்பது தெரிந்துவிடும்.

எந்த கிரீஸ் என்பதிலும் கவனம் தேவை. நைட்ரைல், ஈபிடிஎம் ஆகிய ரப்பர்களுக்குச் சிலிகான் கிரீஸ் ஒத்துக்கொள்கிறது. ஆனால் வளையமே சிலிகான் ரப்பரால் ஆனதென்றால் அதே கிரீஸ் அதை ஊதிப் பருக்கச் செய்யும். பருத்த வளையம் காடிக்குள் அடங்காமல் மேலெழும்பும். வாசலின் போன்ற பெட்ரோலியக் களிம்பு ஈபிடிஎம் வளையத்தைக் கெடுத்துவிடும். நிறத்தை வைத்து ரப்பரின் வகையைச் சொல்லிவிட முடியாது. இங்கேதான் இந்த ஹவுசிங்கின் கையேட்டின் மேல் எனக்கு வருத்தம். எந்தப் பக்கத்திலும் வளையம் எந்த ரப்பரால் ஆனது என்று இல்லை. உடன் தந்திருக்கும் கிரீஸையே பயன்படுத்தவும் என்று மட்டும் இருக்கிறது. அந்தக் குப்பி தீர்ந்தபோது வேறொன்றை வாங்குவதற்கு எனக்கு எந்த வழிகாட்டுதலும் இல்லை. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, நைட்ரைல் என்ற ஒற்றைச் சொல் பதிலாக வர மூன்று வாரம் ஆனது.

57ஆவது முக்குளிப்புக்குப் பிறகு இந்த ஹவுசிங்குக்கென விற்கப்படும் வேக்குவம் சோதனைக் கருவியை வாங்கினேன். ஹவுசிங்கின் மேற்புறத்தில் இருக்கும் எம்14 (14 மில்லிமீட்டர் திருகு) துளையில் ஒரு வால்வைத் திருகி, கைப்பம்பால் உள்ளிருக்கும் காற்றில் ஒரு பகுதியை உறிஞ்ச வேண்டும். உள்ளழுத்தம் வெளியைவிட ஏறத்தாழ 200 மில்லிபார் குறைந்ததும் உள்ளே இருக்கும் விளக்கு பச்சையாகிறது. அழுத்தம் மெல்ல ஏறினால் மஞ்சள், மேலும் ஏறினால் சிவப்பு. பச்சையிலேயே அரைமணி நேரம் நின்றால் அடைப்புகள் அனைத்தும் சரி. பாலிகார்பனேட்டில் கண்ணால் பார்த்த அந்தக் கருங்கோட்டுக்கு ஈடாக அலுமினியத்தில் எனக்குக் கிடைத்தது இந்தப் பச்சை விளக்குதான். என் பார்வையில் இது விருப்பப்பட்டால் வாங்கும் துணைக்கருவியே அல்ல. ஹவுசிங்குடன் சேர்த்தே தர வேண்டிய உறுப்பு. தனியாக விற்பதை இந்த நிறுவனத்தின் பெரிய குறையாகவே எழுதுகிறேன்.

இந்தச் சோதனையின் நன்மை கசிவைக் காட்டுவதோடு நிற்பதில்லை. 200 மில்லிபார் வேறுபாடு என்பது என் கதவின் அளவுக்குச் சுமார் 60 கிலோ விசை. நீர்மட்டத்தில் கதவை அழுத்திப் பிடிக்கக் கொக்கிகளைத் தவிர எதுவும் இல்லை என்று மேலே சொன்னேனே, அந்தக் குறையை இது தீர்க்கிறது. கொக்கி ஒன்று தவறித் திறந்துகொண்டாலும் கதவு பிரியாது. முன்பு 4 மீட்டரில் வெளிப்பட்ட பிழை இப்போது என் மேசையிலேயே வெளிப்படுகிறது. இதுவரை மூன்று முறை விளக்கு மஞ்சளுக்குப் போயிருக்கிறது: ஒரு முறை முடி, ஒரு முறை போர்ட்டின் வளையத்தில் சிறு வெட்டு, ஒரு முறை வால்வின் சொந்த மூடியைச் சரியாகத் திருகாதது.

ஆனாலும் அதை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. 200 மில்லிபார் என்பது 2 மீட்டர் ஆழத்துக்குச் சமம். 30 மீட்டரில் மட்டும் வாய் திறக்கும் தேய்ந்த பொத்தான் தண்டை அது மேசையில் காட்டிக்கொடுக்காது. வெப்பமும் கணக்கைக் குழப்பும். குளிரூட்டிய அறையில் மூடிய ஹவுசிங்கை வெளியே கொண்டுவந்து உள்ளிருக்கும் காற்று 10 டிகிரி செல்சியஸ் சூடானால், அழுத்தம் 25 மில்லிபாருக்கு மேல் ஏறும். கசிவே இல்லாமல் விளக்கு மஞ்சளை நெருங்கும். வெயிலில் வைத்துவிட்டு விளக்கு மாறுகிறதே என்று பதறிய நாள் எனக்கும் உண்டு. நிழலில், ஒரே வெப்பநிலையில் வைத்துப் பார்ப்பதே முறை.

பச்சை விளக்கு நிற்கும்வரை ஹவுசிங்கைத் தேவையில்லாமல் திறக்காமல் இருப்பதும் பராமரிப்பில் சேர்ந்ததே. ஒவ்வொரு திறப்பும் ஒரு புதிய முடிக்கு அழைப்பு. 1963இல் நிக்கான் வெளியிட்ட நிக்கானோஸ் கேமராவுக்குத் தனி ஹவுசிங்கே கிடையாது. அதன் உடலே ஓ-ரிங்குகளால் அடைக்கப்பட்டது. 36 படங்கள் முடிந்ததும் ஃபிலிம் மாற்றத் திறந்தே ஆக வேண்டும், திறந்தால் துடைத்தே ஆக வேண்டும். 2001இல் உற்பத்தி நின்றுபோன அந்தக் கேமராவில் பழகியவர்களின் கை இன்றும் ஓ-ரிங்கைத் தொடும் விதமே வேறாக இருக்கும். இன்றைய மெமரி கார்டும் பெரிய பேட்டரியும் நம்மை அந்தக் கட்டாயத்திலிருந்து விடுவித்துவிட்டன. நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது: வெற்றிடம் நிற்கும்வரை ஒரு நாளின் முக்குளிப்புகளுக்கு நடுவே திறப்பதில்லை, இரவில் பேட்டரிக்காகத் திறக்கும்போது வளையத்தைக் கண்ணால் பார்த்து விரலால் தடவுகிறேன், முழுவதுமாகக் கழற்றிக் கழுவுவது மூன்று நாளுக்கு ஒரு முறை, அல்லது கடற்கரை மணலில் நின்று இறங்கிய அன்றே.

நீரிலிருந்து வெளியே வந்த பிறகு செய்யும் வேலைதான் பொத்தான்களின் ஆயுளை முடிவு செய்கிறது. இந்த ஹவுசிங்கில் 20க்கும் மேற்பட்ட பொத்தான்களும் நெம்புகோல்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தண்டிலும் ஒரு சிறு ஓ-ரிங்கும் ஒரு சுருள்வில்லும் உண்டு. அவற்றை நாம் கழற்ற முடியாது. உப்புநீர் அங்கே காய்ந்தால் படிகமாகி, அடுத்த முறை பொத்தானை அழுத்தும்போது அந்தச் சிறு வளையத்தை அரம்போல் தேய்க்கும். ஆகவே உப்பைக் காயவிடவே கூடாது. மேலே வந்ததும் நன்னீரில் அமிழ்த்த வேண்டும். உடனே முடியாவிட்டால் ஈரத்துணியால் போர்த்தியாவது வைக்க வேண்டும். ஊறும்போது ஒவ்வொரு பொத்தானையும் பத்துப் பதினைந்து முறை அழுத்தி, ஒவ்வொரு சக்கரத்தையும் இருபக்கமும் திருப்பி, உள்ளே தங்கிய உப்புநீரை வெளியேற்ற வேண்டும். குழாயைத் திறந்து மேலாகக் காட்டிவிட்டு எடுத்து வைப்பது அலசியதாகாது. நான் அரைமணி நேரம் ஊறவைக்கிறேன். பயணத்தின் கடைசி நாளில் வெதுவெதுப்பான நீரில் இரவு முழுவதும்.

படகுகளில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் தொட்டியில் ஹவுசிங்கை விட்டுவிட்டுப் போவதை நான் நிறுத்திவிட்டேன். மற்றவர்களின் கனமான கருவிகள் அதன் மேல் மோதும், டோமில் கீறல் விழும், கொக்கி திறந்துகொள்ளவும் கூடும். முகக் கண்ணாடிகளிலிருந்து வரும் சன்ஸ்கிரீன் எண்ணெய் நீரின் மேல் மிதக்கும். டீட் கலந்த கொசுவிரட்டிக் களிம்பு பட்ட கையால் பிளாஸ்டிக் பாகங்களைத் தொடவே கூடாது. அது பல பிளாஸ்டிக்குகளைக் கரைத்து மங்கச் செய்துவிடும். அக்ரிலிக் டோமை ஆல்கஹாலால் துடைப்பதும் இதே வகைத் தவறுதான், நுண்ணிய வெடிப்புகள் பரவும். அக்ரிலிக்கில் விழும் சிறு கீறலை மெருகேற்றிப் போக்கிவிடலாம், கண்ணாடி டோமில் அது முடியாது என்பதற்கு மேல் போர்ட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

இந்த ஹவுசிங்கில் 90ஆவது முக்குளிப்பையொட்டி ஷட்டர் நெம்புகோல் அழுத்தியபின் திரும்பி வர மறுத்தது. வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறிய பிறகு இளகிவிட்டது. ஆனாலும் அன்றே சர்வீஸுக்கு அனுப்ப முடிவு செய்தேன். ஆண்டுக்கு ஒரு முறை அல்லது 100 முக்குளிப்புகளுக்கு ஒரு முறை, எது முன்னதோ அப்போது தண்டுகளின் வளையங்களை மாற்ற வேண்டும் என்று கையேடும் சொல்கிறது. ஷட்டர் நெம்புகோலைச் சுற்றியிருந்த எஃகுத் திருகுகளின் அடியில் வெண்பொடி படிந்திருந்ததையும் அப்போது காட்டினார்கள். அலுமினியமும் எஃகும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிபடும். அந்தத் திருகுகளை ஆண்டுக்கொரு முறை கழற்றிச் சுத்தம் செய்வது நல்லது. பணி ஒழுங்காகவே நடந்தது, அழுத்தச் சோதனைச் சான்றும் வந்தது. இருந்தாலும் திரும்பி வந்த ஹவுசிங்கைக் கேமராவுடன் நேரே கடலில் இறக்கவில்லை. கேமரா இல்லாத இடத்தில் துணியில் சுற்றிய ஈயக்கட்டிகளை வைத்து, அடியில் டிஷ்யூ காகிதத்தைப் பரப்பி, 25 மீட்டருக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். ஈயம் இல்லாமல் காலி ஹவுசிங் மிதக்கும், கையிலிருந்து திமிறிக்கொண்டு மேலே போகும். காகிதம் உலர்ந்தே வந்தது.

கண்ணாடியில் படியும் மூட்டத்தைக் கசிவென்று எண்ணி அஞ்சுபவர்கள் உண்டு. ஈரப்பதம் நிறைந்த காற்றில் மூடிய ஹவுசிங் குளிர்ந்த நீருக்குள் போகும்போது உள்ளிருக்கும் ஈரம் டோமின் உட்புறத்தில் பனிபோல் படியும். குளிரூட்டிய, உலர்ந்த அறையில் மூடினால் இது வராது. சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றும் வைக்கலாம், கதவிடுக்கில் அகப்படாத இடமாகப் பார்த்து. உள்ளே சொட்டுச் சொட்டாக நீரைக் கண்டு சந்தேகம் வந்தால், விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்க்கலாம், கரித்தால் கடல்நீர். கசிவு உணரியோ இரண்டு வெற்று உலோக முனைகள்தான், உப்புநீர் அவற்றை இணைத்தால் விளக்கு எரியும். மூடுவதற்கு முன் ஈர விரலால் முனைகளைத் தொட்டு அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் சிறு பட்டன் பேட்டரி தீரப்போவதை இந்த ஹவுசிங் எந்த விதத்திலும் முன்கூட்டி அறிவிப்பதில்லை. ஒருநாள் விளக்கு எரியாததைக் கொண்டுதான் அறிந்தேன். இது திருத்தப்பட வேண்டிய குறை.

விமானத்தில் கொண்டுபோகும்போது வால்வைத் திறந்து வைக்கிறேன். பறக்கும் விமானத்தின் உள்ளழுத்தம் 2,400 மீட்டர் வரையான உயரத்துக்குச் சமமாகக் குறைவதுண்டு. வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்ட போர்ட்டுகளும் வளையங்களும் அப்போது உள்ளிருந்து வெளியே தள்ளப்படும். சில மாதம் பயன்படுத்தப் போவதில்லை என்றால் கதவின் வளையத்தைக் கழற்றி, மெல்லிய கிரீஸுடன் மூடிய பையில் வைக்க வேண்டும். வெயிலும் ஓசோனும் நைட்ரைல் ரப்பரை வெடிக்கச் செய்யும். காடியிலேயே நசுங்கிக் கிடந்தால் வளையம் தட்டையாகிவிடும். சென்ற மாதம் நான் மாற்றிய பழைய வளையத்தைப் புதியதன் அருகே வைத்துப் பார்த்தபோது, புதியது உருண்டையாக இருக்க, பழையதன் ஒரு பக்கம் கத்தியால் சீவியதுபோல் இருந்தது. கீறல் இல்லை, வெட்டு இல்லை, தொட்டால் வழுவழுப்பு. ஆனால் கதவு நசுக்குவதற்கு அதில் உயரமே மீதமில்லை.

எல்லாம் மீறி நீர் புகுந்துவிட்டால், படத்துக்காகவோ கேமராவுக்காகவோ வேகமாக மேலேறக் கூடாது. மேலேறும் வேகமும், உடலின் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பதும் வழக்கம்போலவே இருக்க வேண்டும். கேமராவுக்கு மாற்று உண்டு. மேலே வந்ததும் முதல் வேலை பேட்டரியை அகற்றுவது. உப்புநீரில் நனைந்த லித்தியம் பேட்டரி சூடேறும், அதைத் திரும்பவும் பயன்படுத்தக் கூடாது. நீர் புகுந்த ஸ்ட்ரோபின் (நீருக்கடி ஃபிளாஷ் விளக்கின்) பேட்டரி அறைக்குள் வாயு அடைந்திருக்கலாம் என்பதால் அதன் மூடியை முகத்துக்கு நேரே வைத்துத் திறக்கக் கூடாது.

இந்த ஹவுசிங்கை வேக்குவம் வால்வுடன் சேர்த்து வாங்குவதாக இருந்தால் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். அது இல்லாமல் வாங்குவதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டுக்கு ஒரு விடுமுறையில் ஐந்தாறு முறை மட்டும் இறங்குபவருக்கு ஒளிபுகும் பாலிகார்பனேட் ஹவுசிங்கே நல்லது. அடுத்த மாதிரியை வடிவமைப்பவர்கள் போர்ட்டின் கழுத்துக்கு ஒரு மூடியைச் சேர்த்து, உதிரி வளையங்களின் பொட்டலத்தின் மேல் ரப்பரின் பெயரையும் அச்சிட்டுத் தரட்டும். துடைத்து, தடவி, விளக்கைப் பார்த்துக் காத்திருப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.